டீச்சர் வீட்டுக்கு நான் மட்டும்

இல்ல பாஸ்டர், அந்த ஃபாரத்த முதல்ல பைக்குள்ள வைங்க. ரெண்டு ஞாயிறா ஆராதனை முடிஞ்சதும் நான் பின்வாசல் வழியா நழுவினது எதுக்குன்னு நெனைச்சீங்க? உங்க முகத்தப் பாத்து மாட்டேன்னு சொல்லத் தைரியம் இல்லாமதான். நீங்க என்னடான்னா கடைக்கே வந்து நிக்கிறீங்க. சரி, வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க. அதுல வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். மூணு வருஷமா முதலாளிகிட்ட சொல்லிட்டிருக்கேன், கண்ணு சரியாத் தெரியாதவங்க வர்ற கடையில ஆடற நாற்காலி போடாதீங்கன்னு. கேட்டாத்தான?

அவரு சாப்பிடப் போயிருக்காரு. வர நாலு மணி ஆகும். இந்த நேரத்துல கண்ணாடிக் கடைக்கு ஈ காக்கா வராது. நானும் இந்த ஃபிரேமுங்களும்தான். செவுரு முழுக்க மாட்டி வச்சிருக்கமா, எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ நம்மளையே பாக்கற மாதிரி இருக்கும். திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இருக்கமாட்டாங்க.

உங்க கண்ணாடியக் கழட்டிக் குடுங்க. அட குடுங்க, சும்மா பேசிட்டு இருக்கறதுக்கு ஒரு வேலையும் ஆச்சு. ஸ்க்ரூ லூஸு. பிரசங்கம் பண்றப்ப பாத்துட்டே இருக்கேன், நிமிஷத்துக்கு ஒரு தடவ மேல தள்ளிக்கிறீங்க. போன வாரம் முப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணினேன். பிரசங்கத்தக் கேக்காம இத எண்ணினது என் தப்புதான், ஆனா தொழில் புத்தி எங்க போவும்?

ம், சொல்லுங்க. முடியாதவங்கள வீடு வீடாப் போய்ப் பாக்கற பராமரிப்புக் குழுவுக்குத் தலைவின்னு வர்ற ஞாயித்துக்கிழமை என் பேர அறிவிக்கப் போறீங்க. சபை மூப்பர்கள் எல்லாரும் சரின்னுட்டாங்க, நான் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். அதான? எனக்குத் தகுதி இல்ல பாஸ்டர். தாழ்மையா? அட நீங்க வேற, தாழ்மையும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. முதல்ல எனக்கு நாலு பேர் முன்னால பேச வருமா? போன வருஷம் பெண்கள் கூட்டத்துல மைக்கக் கையில குடுத்து ஜெபம் பண்ணச் சொல்லிட்டாங்க. வாயத் தெறந்தா என்ன வந்துச்சு தெரியுமா? அடுத்தவங்க வாங்கன்னு வந்துச்சு. பதினாறு வருஷமா இந்தக் கவுன்ட்டர்ல நின்னு சொல்லிச் சொல்லிப் பழகின வாயி. கூட்டமே சிரிச்சுது. நானும் கூடச் சேந்து சிரிச்சுட்டு, வீட்டுக்குப் போய் அழுதேன்.

பரவால்ல, நீங்களும் சிரிங்க. மேடையில பேசறதுதான் தலைமைன்னு யாரு சொன்னாங்கன்னு கேப்பீங்க, தெரியும். சனிக்கிழமை வகுப்புல சொன்னீங்களே. ஆறு சனிக்கிழமை, சபைக்குப் பின்னால அந்தக் கடகடன்னு ஃபேன் ஓடற ரூம்ல. நல்ல மனசு இருந்தா மட்டும் போதாது, அந்த மனசும் வளரணும்னீங்க. எல்லாத்தையும் தானே ஓடி ஓடிச் செய்றவங்க தலைவர் இல்ல, தான் படுத்துட்டாலும் வேல நிக்காத மாதிரி இன்னொருத்தரப் பழக்கி விடறவங்கதான் தலைவர்னீங்க. நான் முதல் வரிசையில உக்காந்து பலமாத் தலையாட்டினேன். வேற யாருக்கோ சொல்றீங்கன்னு நெனைச்சுட்டேன்.

நீங்க இங்க வந்து ஒரு வருஷம்தான ஆவுது, பழைய கதை உங்களுக்குத் தெரியாது. ஊழியம் செய்யணும்கற பாரம் அது இதுன்னு நான் இந்த வீடு வீடாப் போறத ஆரம்பிக்கல பாஸ்டர். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆச்சு. ஒரு வாரம் வீடு கொள்ளாத ஆளு. எட்டாவது நாளு கதவச் சாத்தினேன், நான் மட்டும். பொண்ணு கல்யாணமாகி தூர தேசத்துல இருக்கா. ஞாயித்துக்கிழமையானா ஃபோன் பண்ணுவா. சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியா, சரிம்மா குழந்தை அழுவுது வைக்கிறேன், அவ்வளவுதான். குத்தமாச் சொல்லல, அவ பாடு அவளுக்கு. எனக்கு ஆறு மணிக்குக் கடை முடியும், ஆறரைக்கு வீட்டுப் பூட்டத் தெறப்பேன். பகல்ல ஒண்ணும் தெரியாது. அந்த ஆறரை மணி இருக்கு பாருங்க, அதுதான் ஆகாது. காலையில தண்ணி குடிச்சுட்டு வச்ச தம்ளரு வச்ச எடத்துலயே இருக்கும். இன்னொரு ஆளு இருந்தா அது கொஞ்சமாவது நகந்திருக்கும்ல?

அப்பதான் கணக்கு டீச்சர். அவங்க ரிட்டயராகி பதினெட்டு வருஷம், தனியா மூணாவது மாடியில இருந்தாங்க. லிஃப்ட் கெடையாது, முட்டி வலி, கீழ எறங்கவே மாட்டாங்க. புதுக் கண்ணாடிய வீட்ல கொண்டு போய்க் குடுத்துட்டு வான்னு முதலாளி அனுப்பினாரு. போட்டுப் பாத்தாங்க, என்னையும் ஏற எறங்கப் பாத்தாங்க. நீ நம்ம சபை ஆளுதான, உக்காருன்னாங்க. எட்டு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். மறுநாளும் போனேன், மூக்கு மேல உக்கார்ற நோஸ் பேட் அழுத்துதான்னு பாக்கற சாக்குல. ஒரே கண்ணாடிக்கு அத்தன தடவ நோஸ் பேட் சரி பண்ணவ ஒலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அப்புறம் பக்கவாதம் வந்த தையல்காரர் வீடு, பச்சப் புள்ளயோட தனியாக் கெடந்து அல்லாடற பொண்ணு வீடுன்னு ஒண்ணு ஒண்ணா ஒன்பது வீடு ஆச்சு. சபையில எல்லாரும் என்ன அன்பு, என்ன அன்புன்னாங்க. எனக்கு ஆறரை மணிக்குப் போக ஒரு எடம் கெடைச்சுது, அவ்வளவுதான்.

நீங்க வகுப்பு முடிச்சதும் இனிமே யாரும் தனியாப் போகக் கூடாது, ஜோடியாத்தான் போகணும்னு சொல்லி எனக்கு மருந்துக்கடைப் பொண்ண ஜோடி சேத்தீங்க. யாரு எந்த வீட்டுக்குப் போனாங்க, அங்க என்ன தேவைன்னு எழுத ஆளுக்கொரு நோட்டும் குடுத்தீங்க. நல்ல பொண்ணு பாஸ்டர் அவ. சபைக்குப் புதுசு, வாயத் தெறந்து நாலு வார்த்த பேசமாட்டா. ஆனா தையல்காரர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன்ல, அன்னைக்குத்தான் பாத்தேன். அவருக்கு வார்த்த வராது, திக்கித் திக்கி நிப்பாரு. நான் பாவமேன்னு பாதியிலயே எடுத்துக் குடுத்துடுவேன். தண்ணியா, ஜன்னலச் சாத்தவா, அப்படி. இவ ஒண்ணும் குடுக்கல. கைய மடியில வச்சுட்டு அவரு மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருந்தா. எவ்வளவு நேரமோ தெரியாது. அந்த மனுஷன் முழுசா ஒரு வாக்கியம் பேசினாரு. என் மெஷின யாருக்கும் வித்துடாதீங்கன்னாரு. அவரு சம்சாரம் அடுப்படியிலருந்து ஓடி வந்துட்டாங்க. ரெண்டு வருஷமா நான் போன வீடு அது.

சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஏன் பொய் சொல்லணும், கொஞ்சம் எரிஞ்சுது கூட. எட்டு வீட்லயும் அப்படித்தான், ஒரு மாசத்துல என்னய விட்டுட்டு அந்தப் பொண்ணு வரலயான்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. டீச்சர் வீட்டுக்கு மட்டும் அவளக் கூட்டிட்டுப் போகல. அதுக்குத்தான் நோட்டுல டீச்சர் பேருக்கு நேரா எழுதியிருக்கே, புது ஆட்கள் வேண்டாம்னு. நீங்களும் படிச்சிருப்பீங்க.

அப்புறம் எனக்குக் காச்சல் வந்துச்சு, மூணு மாசத்துக்கு முன்ன. நாலு நாளு எந்திரிக்க முடியல. மருந்துக்கடைப் பொண்ணு எட்டு வீட்டையும் ஒத்தையா பாத்துக்கிட்டா, ஒரு வீடு விடல. எனக்கும் மாத்திரை கொண்டு வந்து குடுத்துட்டுப் போனா. அப்ப வாசல்ல நின்னு கேட்டா, ஆன்ட்டி, டீச்சர் வீட்டுக்கும் ஒரு எட்டு போய்ப் பாக்கட்டுமான்னு. வேணாம், புது ஆளப் பாத்தா அவங்களுக்குக் கோவம் வரும், நான் எந்திரிச்சதும் போய்க்கிறேன்னேன். நானும் ஃபோன் பண்ணித்தான் பாத்தேன், மணி அடிக்கறதே அவங்களுக்குக் கேக்காது.

மூணாவது நாளு சாயங்காலம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. இது உங்களுக்கே தெரியும், நீங்கதான ஆஸ்பத்திரிக்கு ஓடினீங்க. மறுநாள் காலையில பேப்பர் போடறவரு பாத்துட்டுச் சத்தம் போட்டாரு. ஆனா கதவ ஒடைக்கலயே, ஏன்னு யோசிச்சீங்களா? தெறந்துதான் கெடந்துச்சு. ஆறரை மணிக்கு நான் வருவேன்னு தெனம் அவங்களே தாழ்ப்பாள எடுத்து வச்சிருப்பாங்க. மத்த எட்டு வீட்லயும் நான் போனா வாங்கம்மா, உக்காருங்கம்மான்னு எந்திரிச்சு நிப்பாங்க. டீச்சர் எந்திரிக்கவே மாட்டாங்க. உள்ளருந்தே ஒரு அதட்டு வரும், இன்னைக்கு ஏன் பத்து நிமிஷம் லேட்டுன்னு. எனக்காகக் கடியாரத்தப் பாத்துட்டு இருந்த ஒரே ஆளு பாஸ்டர்.

ஒடைஞ்ச இடுப்பெலும்பு சேந்துருச்சாம். மகன் வந்து அவரு ஊருக்கே கூட்டிட்டுப் போயிட்டாரு. நடக்க வாக்கர் குடுத்திருக்காங்களாம். அந்த மாடி வீட்டக் காலி பண்ணியாச்சு. போன வாரம் அந்தத் தெரு வழியாப் போனேன், மேல வேற யாரோ துணி காயப் போட்டிருந்தாங்க.

அதுக்கப்புறம் நீங்க சபையில எந்திரிச்சு என்ன சொன்னீங்க? டீச்சர் மாதிரி யாரையும் கிட்டச் சேக்காதவங்ககூட இந்த அம்மாவ மட்டும் உள்ள விட்டாங்க, இதுதான் உண்மையான மேய்ப்பன் மனசுன்னீங்க. எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்தாங்க. நான் தரையப் பாத்தேன். நாலு வரிசை தள்ளி மருந்துக்கடைப் பொண்ணு உக்காந்து அழுதுட்டு இருந்தா. கோவப்பட்டாலும் பரவால்லன்னு நான் போயிருக்கணும் ஆன்ட்டின்னு வெளிய வந்து என் கையப் புடிச்சுக்கிட்டா. மறுவாரம் நோட்டத் திருப்பிக் குடுத்துட்டா. வயசானவங்களுக்கு என்னப் புடிக்காது, எனக்கு இது வராதுன்னா. இப்ப ரெண்டு மாசமா ஒரு வீட்டுக்கும் போறதில்ல. தையல்காரரு மறுபடி வாய மூடிட்டாரு. நான் எடுத்துக் குடுக்கறேன், அவரு தலைய மட்டும் ஆட்டறாரு.

கண்ணாடியா? இருங்க, தர்றேன். அது முடிஞ்சு ரொம்ப நேரம் ஆச்சு, சும்மா கையில வச்சுட்டு இருக்கேன். இது இல்லாம என் மூஞ்சி உங்களுக்குக் கலங்கலாத்தான தெரியும்? அப்படியே இருக்கட்டும், இன்னும் ரெண்டு வார்த்த சொல்லிட்டுத் தந்துடறேன்.

தலைவியா ஆக்கணும்னா அவளத்தான் ஆக்கணும். உடனே வேணாம், கூட நின்னு பழக்குங்க, பயந்த பொண்ணு. இன்னைக்குக் கடை விட்டதும் நான் நேரா அந்த மருந்துக்கடைக்குத்தான் போறேன். அவகிட்டச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. மூணு மாசமா அந்தக் கடை வாசல் வரைக்கும் போறேன், இருமல் மருந்து வாங்கிட்டுத் திரும்பி வந்துடறேன். வீட்ல ஏழு பாட்டில் இருக்கு. உங்ககிட்ட ஒரு தடவ சொல்லிட்டேன்னா அங்க வாய் வரும்னு தோணுது.

புது ஆட்கள் வேண்டாம்னு டீச்சர் சொல்லவே இல்ல பாஸ்டர். நான்தான் எழுதினேன். அந்த வீட்லயும் அவளக் கேக்க ஆரம்பிச்சுட்டா அப்புறம் எனக்கு யாரு இருக்கான்னு நெனைச்சேன். அவளப் பத்தி நான் பேசறத வச்சு டீச்சரே ஒருநாளு கேட்டாங்க, அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வாயேன், எனக்கும் இன்னொரு முகம் பாத்த மாதிரி இருக்கும்னு. ஆகட்டும் டீச்சர்னு சொல்லிட்டு வந்தேன், கூட்டிட்டுப் போகல.