ராசா விழ வேண்டிய பக்கம்

"அண்ணாவியார், இந்தமுறை ராசாவை வெட்ட எனக்கு ஏலாது."

காரைநகருக்குப் போன வள்ளத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். கூத்துப் பழக்குபவரிடம் இதைச் சொன்னவர், கோயில் கூத்தில் இருட்டைக் கும்பிடும் மந்திரவாதிக் கூட்டத்தின் தலைவனாக வேசம் கட்டுபவர். ராசாவாக ஆடுபவர் அவருடைய சொந்த அண்ணன்.

"அண்ணி பிள்ளைத்தாச்சி. ஒத்திகையில அண்ணை வெட்டுப்பட்டு விழ, மயங்கிப்போனவ."

"அப்ப அவவை வீட்டில நிப்பாட்டும்."

"மாட்டாவாம். செத்த ராசா ஒருக்கா அசைஞ்சு காட்டினாப் போதுமாம்."

"செத்தவன் அசைஞ்சா சனம் சிரிக்கும், தம்பி."

"சிரிக்கட்டும். அவ பயப்பிடக்கூடாது."

அண்ணாவியார் அவருக்குக் கிட்ட நகர்ந்து இருந்தார்.

"எந்தப் பக்கம் இருப்பா?"

"பொம்பிளையளின்ர பக்கம், முன்னுக்கு விரிச்ச பாயில."

"அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி விழச் சொல்லும். அவ பாக்கேக்க கண்ணை ஒருக்காச் சிமிட்டட்டும். லாம்பு வெளிச்சத்தில மற்றவைக்குத் தெரியாது."