மச்சினனின் சர்வர்

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, ஐயா. எங்கள் மருத்துவமனைக் கணினி அறைக்கு இப்படி ஒன்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

பழைய சர்வரை நிறுத்தும் வேலை என்னுடையது. நோயாளியின் அறையிலிருந்து வரும் அபாய மணியைச் செவிலியர் மேசைக்குக் கொண்டுபோகும் சர்வர் அது. அதற்கு நிரல் எழுதியவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவன் அதன் பெருமையை ஆரம்பித்தால் வீட்டில் சோறு ஆறிவிடும். மாமியார் வாயைப் பிளந்து கேட்பார். நான் பேசினால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

புதிய சர்வரில் பழக்கச் செவிலியர்களையெல்லாம் கீழ்த்தளத்துக்கு நானே கூப்பிட்டிருந்தேன். நொடியில் மாற்றிக் காட்டுவதாக மேலாளரிடம் மார்தட்டியாயிற்று. பழையதை நிற்கச் சொன்னேன். மறுபடியும் சொன்னேன். எருமை மாட்டின்மேல் மழை பெய்த கதைதான். யாரும் கவனிக்காத மணி ஒன்று பாக்கி இருந்தாலும் அது நிற்காதாம். மச்சினன் அப்படி எழுதிவைத்திருக்கிறான். சர்வருக்கு எதற்கு இரக்கம், சொல்லுங்கள்.

பக்கத்தில் நின்ற அவன் என் திரையை எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "மேல யாருக்கோ மணி அடிச்சிருக்கு மச்சான், யாருமே போகல. நான் பாத்துட்டு வரேன், அதுவரைக்கும் இதைத் தொடாதீங்க" என்று மாடிக்கு ஓடினான். எந்த அறை என்று பார்க்கத் தோன்றவில்லை அந்த மேதைக்கு. செவிலியர் மேசைத் திரையில் தெரியும் என்ற நினைப்பு.

நான் திரையைக் கீழே நகர்த்திப் பார்த்தேன். ஐந்தாம் அறை. அதன் பிறகுதான் சர்வரைக் கட்டாயமாக நிறுத்தும் கட்டளையைக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் நின்றது. மேலே இருந்த திரையும் அதோடு அணைந்தது.

போன் வந்தது. அவனுக்கு மூச்சு வாங்கியது.

"திரையில ஒண்ணுமே இல்ல மச்சான். எல்லாக் கதவும் சாத்தியிருக்கு. எந்த ரூம்னு மட்டும் சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தச் சர்வர் காத்திருந்தது நியாயம் என்றாகிவிடும். சாப்பாட்டு வேளையில் மாமியார் அவன் தலையைத் தடவுவார். அந்தக் கண்றாவியை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

"மணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் சர்வர்தான் உளறுது. இறங்கி வா" என்றேன்.

ஐந்தாம் அறையில் இருந்தவர் ஒரு தையற்காரர். மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாராம். திரும்பி வந்து, மூச்சு நின்று கிடந்தவரை அவர்தான் முதலில் பார்த்தார். பாவம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் கைவைத்தது சர்வர் ஒன்றில்தான், ஐயா. அந்தக் கதவுவரை போய்த் திரும்பி வந்தவன் அவன். விசாரிப்பதென்றால் அவனை விசாரியுங்கள்.