மூன்றாம் முறை அணைந்த கேமரா

மத்தியானம் இரண்டு மணி. ஆமாம், பட்டப்பகல். பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? சிரிக்கிறவன் எழுந்து போய்த் தனியாகப் படுக்கலாம்... போக மாட்டான். சரி, நெருங்கி உட்காருங்கள்.

இதோ இந்தச் சுருட்டை இருக்கிறானே, இவனுடைய அத்தானுக்கு நடந்தது. பரிசோதனைக் கூடத்துக்கு ரத்த மாதிரிகளை ஏற்றிப் போகும் கார் அவருடையது. அவர் வண்டியை நிறுத்தும் இடத்தில் ஒரு பக்கம் நீளமான மதில், மறுபக்கம் பொட்டல். மரம் இல்லை, ஆள் இல்லை. மருத்துவமனையின் பின்வாசல் இரண்டரைக்குத்தான் திறக்கும். அதுவரை அங்கேயே காத்துக்கிடக்க வேண்டும்.

அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம். வண்டி நின்றால் எஞ்சினை அணைக்க வேண்டும், ஏசி கூடாது. ஆனால் டேஷ்போர்டில் டிரைவர் முகத்தைப் பார்த்தபடி ஒட்டியிருக்கும் கேமரா மட்டும் அணையவே கூடாது. மனுஷன் வேகலாம், கேமரா வேகக் கூடாது. ஆபீசில் உட்கார்ந்து திரையில் எல்லாரையும் பார்க்கும் மேற்பார்வையாளருக்கு டிரைவர்கள் வைத்த பெயர் கழுகு. சூட்டில் கேமரா மூன்று முறை அணைந்தால் வேலை போச்சு. அத்தானுக்கு ஏற்கெனவே இரண்டு முறை ஆகிவிட்டது. அவர் பெண்டாட்டி, இவன் அக்காவுக்கு அப்போது எட்டு மாசம்.

தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தார். முன்கண்ணாடிக்கும் கேமராவுக்கும் நடுவில் வெள்ளி அட்டையை நிறுத்தினார். சார்ஜர் வயரைப் பிடுங்கினார், அதுவும் சூடேற்றும். ஜன்னலை ஒரு விரல்கடை இறக்கினார். மேலே போட்ட ஈரத்துணி காய்ந்து விறைத்துவிட்டது. பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். சிவப்பு விளக்கு... பிப். பிப். பிப்.

கடைசியில் அனுபவப்பட்ட டிரைவர் செய்யாத ஒன்றைச் செய்தார். மாதிரிப் பெட்டியிலிருந்து ஒரு ஐஸ் பேக்கை எடுத்துக் கேமராவின் முதுகில் சாய்த்து வைத்தார். திடீர்க் குளிர்ச்சியில் லென்ஸ் வியர்த்துவிடும், படம் மங்கிவிடும். ஆனால் பிப் சத்தம் நின்றது. கதவைப் பூட்டிவிட்டு மதில் நிழலில் போய் நின்றார்.

போன் அடித்தது. கழுகு.

"என்னய்யா, படமே தெரியல? லென்ஸத் துடை."

"இதோ சார்." அத்தான் இரண்டு அடி வைத்திருப்பார்.

"ம்... தெரியுது. துடைச்சிட்டு எதுக்குக் கண்ண மூடுற? வேலை நேரத்துல தூக்கமா?"

அத்தான் அப்படியே நின்றுவிட்டார். "சார்... நான் வெளியில நிக்கிறேன். வண்டி பூட்டியிருக்கு."

"யார் காதுல பூ சுத்துற? முகம் இருட்டா இருந்தா கண்டுபிடிக்க மாட்டேனா? வாயத் திறந்து மூச்சு வாங்குற, தெரியுதுய்யா."

பக்க ஜன்னல் வழியாக அத்தான் பார்த்தார். சீட்டில் யாரும் இல்லை. ஆனால் ஐஸ் பேக் கேமராவிடமும் இல்லை. டிரைவர் சீட்டில், கழுத்து இருக்க வேண்டிய உயரத்தில், அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக... சீட்டில் விழவில்லை. பாதி வழியில் எதன் மேலோ பட்டு வழிந்தது.

போன கோடையில் இதே மதில் ஓரம் ஒரு டிரைவர் வண்டிக்குள்ளேயே வெந்து செத்திருந்தான். கழுகு அத்தனையும் திரையில் பார்த்தது. தூங்குகிறான் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கடிதம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, ஆள் போகவில்லை. எந்த வண்டி என்று மட்டும் அத்தானிடம் யாரும் சொன்னதில்லை. இப்போது அவருக்கே உறைத்தது.

பிப். பிப். கேமரா மறுபடி கத்தியது. கதவைத் திறந்து ஐஸ் பேக்கைப் பிடுங்கிக் கேமராவில் வைத்தால் வேலை தப்பும். சாவி கையில் இருக்கிறது. அக்கா முகம் கண்ணுக்குள் வந்தது. கைப்பிடியைத் தொட்டார்... உள்ளே ஒரு பெருமூச்சு. ரொம்ப நாள் தவித்தவன் தண்ணீர் குடித்ததும் விடுகிற மூச்சு. அத்தான் கையை எடுத்துவிட்டார். பயத்தால் மட்டும் இல்லை என்று பிறகு சொன்னார்.

கேமரா அணைந்தது.

"அணைஞ்சிடுச்சு சார். மூணாவது தடவை. நாளையிலருந்து நான் வரல."

போனில் நாற்காலிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது.

"அணையலையே... படம் வருதே." கழுகின் குரல் இறங்கியிருந்தது. "யோவ்... இது என் ரூமு. என் முதுகு தெரியுது. ஏன் இப்படிக் கொதிக்குது... யாரு, பின்னால யாரு?"

அத்தானால் போனைக் காதிலிருந்து எடுக்க முடியவில்லை. கழுகு உட்கார்ந்திருந்தது சக்கரம் வைத்த சாதாரண ஆபீஸ் நாற்காலி. ஆனால் அத்தானுக்குத் தெளிவாகக் கேட்டது... சீட் பெல்ட்டைச் சர்ரென்று இழுத்து, டக்கென்று மாட்டும் சத்தம்.