எட்டாம் எண் சட்டையும் பதினைந்தாம் எண் சட்டையும்

என் பெயரும் வீட்டு விலாசமும் இந்தக் காவல் நிலைய வாக்குமூலப் படிவத்தின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தேழு. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாகச் சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளின் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருந்து வருகிறேன். நடந்ததைச் சொல்லும் முன் ஒன்றைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். அடிபட்ட கோல்கீப்பர் சிறுமிக்குக் கழுத்தில் எலும்பு முறிவு எதுவும் இல்லை என்று நேற்று ஸ்கேனில் தெரிந்துவிட்டது. அந்தச் செய்தி வந்திராவிட்டால் இந்த நாற்காலியில் உட்கார்ந்து இவ்வளவு நிதானமாக என்னால் பேச முடிந்திருக்காது.

கடந்த சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நீல அணிக்கும் வெள்ளை அணிக்கும் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் ஆட்டம் நடந்தது. தொடங்கும் முன் நீல அணியின் பயிற்சியாளர் என்னிடம் வந்து, "சார், அவங்க எட்டாம் நம்பர் முழங்கைய வெக்குது. போன தடவை எங்க பிள்ளைக்கு உதடு கிழிஞ்சிருச்சு. கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார். எதிரணியைப் பற்றி இப்படி ஒன்று சொல்லாத பயிற்சியாளரை நான் கண்டதில்லை. ஆனாலும் அன்று கவனித்தேன். பதினேழாவது நிமிடத்தில் அந்த எட்டாம் எண், அதாவது பிள்ளைகள் புல்டோசர் என்று கூப்பிடும் சிறுமி, ஒருத்தியின் விலாவில் முழங்கையால் இடித்தாள். மஞ்சள் அட்டை காட்டி, குறிப்பேட்டில் 'வெள்ளை 8' என்று எழுதினேன். ஒரே ஆட்டத்தில் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்குபவர் வெளியேற வேண்டும்.

அதன் பிறகு, இடைவேளைக்குச் சற்று முன், புல்டோசர் தன் அணிச் சிறுமி ஒருத்தியோடு தலையோடு தலை மோதி, மூக்கில் ரத்தத்தோடு எழுந்தாள். ரத்தக் கறை பட்ட சட்டையோடு ஆட விதியில் இடமில்லாததால் சட்டையை மாற்றச் சொன்னேன். மாற்றுச் சட்டையில் வேறு எண் இருக்கும். அந்த எண்ணை நடுவர் உடனே குறித்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு இடைவேளையில் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைக் கழற்றிக் குழாயின் மேல் வைத்திருந்தேன். வெள்ளை அணியின் பயிற்சியாளரான உடற்கல்வி டீச்சர் வந்து, "சார், எட்டுக்குப் பதினஞ்சு மாத்திப் போட்டிருக்கேன். குறிச்சுக்கோங்க" என்றார். "சரி டீச்சர்" என்றேன். கை ஈரமாக இருந்தது. துடைத்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன். எழுதவில்லை. அப்போது அருகில் வேறு யாரும் இல்லை.

அதன் பிறகு இரண்டாம் பாதியின் ஒன்பதாவது நிமிடத்தில் வெள்ளைப் பதினைந்து ஒருத்தியைப் பின்னாலிருந்து தள்ளினாள். மஞ்சள் அட்டை காட்டி 'வெள்ளை 15' என்று எழுதினேன். நீல அணியின் பயிற்சியாளர் கோட்டருகே நின்று, "அதே பொண்ணு சார்! ரெண்டாவது கார்டு!" என்று கத்தினார். சும்மா சத்தம் போடுகிறார் என்று நினைத்து, இன்னொரு வார்த்தை பேசினால் மைதானத்தை விட்டு அனுப்புவேன் என்று அவரையே எச்சரித்தேன். அந்தச் சிறுமியின் மூக்கில் பஞ்சு இருந்தது. நான் பார்த்தது சட்டை எண்ணை மட்டுமே.

அதன் பிறகு இருபதாவது நிமிடத்தில், உயரமாக வந்த பந்தை நீல அணியின் கோல்கீப்பர் எம்பிப் பிடித்தபோது புல்டோசர் ஓடிவந்து மோதினாள். கோல்கீப்பர் கழுத்து மடங்க விழுந்தாள். விசில் ஊதி, யாரும் அவளைத் தூக்கக் கூடாது என்று சொல்லி, ஆம்புலன்ஸை வரவழைத்தேன். கை மரத்துப்போயிருக்கிறது என்று அவள் சொன்னாள். அவளுடைய அப்பா பேருந்து ஓட்டுநர். உள்ளே ஓடிவந்து, "கண்ணாடி விக்கிறவனுக்கே கண்ணு தெரியலையாய்யா? ரெண்டு தடவ சொன்னாங்களே!" என்றார். புல்டோசர் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு ஞாயிறு காலை மருத்துவமனைக்குப் போனேன். போக வேண்டாம், அடிதான் கிடைக்கும் என்று என் மனைவி தடுத்தாள். தசைப் பிடிப்புதான், மூன்று வாரம் கழுத்துப் பட்டை போட்டால் போதும் என்று டாக்டர் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சிறுமி பத்து விரல்களையும் மடக்கி நீட்டிக் காட்டி, "அங்கிள், பந்து என் கையிலதானே இருந்துச்சு? கோல் குடுக்கலல்ல?" என்று கேட்டாள். இல்லைம்மா என்றேன். நடைபாதைக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். எனக்கு அழுகை வந்தது.

அங்கே ஓட்டுநர் என்னிடம், "கோவத்துல போலீஸ் புகார்ல உங்க பேரையும் எழுதிட்டேன் சார். அந்த டீச்சர்தான் சட்டைய மாத்தி உங்கள ஏமாத்தியிருக்காங்க. நீங்களும் அதையே சொல்லிருங்க, உங்க பேர எடுத்துர்றேன்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று டீச்சரிடம் பள்ளி சொல்லிவிட்டது என்பதையும் அவர் வாயிலாகவே அறிந்தேன். அன்று இரவு முழுக்க அந்தக் குழாயடிதான் கண்ணில் நின்றது.

டீச்சர் யாரையும் ஏமாற்றவில்லை. முறைப்படி என்னிடம் சொன்னார். நீல அணியின் பயிற்சியாளரும் முறைப்படி சொன்னார். இருவரும் சொன்னதைக் கேட்டும் செய்யாமல் விட்டவன் நான். குறிப்பேட்டை ஒப்படைக்கிறேன். 'வெள்ளை 8', 'வெள்ளை 15' என்ற இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒரு வரி எழுத இடம் காலியாக இருக்கிறது. இதைச் சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள். முழுவதும் குடித்தேன்.

எழுதியதை ஆய்வாளர் படித்துக் காட்டினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானும் ஒருமுறை படித்தேன். குழாயடியில் டீச்சர் சொன்னது 'தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை' என்று என் மேல் இரக்கப்பட்டு எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, 'நன்றாகக் கேட்டது' என்று எழுதச் சொல்லி, ஓரத்தில் கையெழுத்திட்டேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன. யாரும் சொல்லிக்கொடுக்கவோ மிரட்டவோ இல்லை. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
நடுவர்