பச்சை வேனில் ஏறியவர்

என் பெயர் ஞானபாக்கியம், வயது 49, கணவர் பெயர் தவசிமுத்து. காமராசர் மாவட்டம் ராஜபாளையத்தில் சொந்த வீட்டில் குடியிருக்கிறோம். நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து, சென்ற ஆண்டு விருப்ப ஓய்வு பெற்றவள். என் கணவர் நூற்பாலையில் ஃபோர்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்வார். ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில் தலைமைக் காவலர் கேட்க, நான் சொல்வதாவது:

ஓய்வுக்குப் பின் ஊர் ஊராகப் போய், வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுக்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர் ஒரு பழைய மெட்டாடர் வேனை வாங்கிப் பின்பக்கம் கட்டில், ஸ்டவ், தண்ணீர் டிரம் எல்லாம் பொருத்தினார். அது முன்பு வத்திராயிருப்புக்கு ஆள் ஏற்றி ஓடிய வேன். பச்சை நிறத்தை மாற்றிவிடச் சொன்னேன். "மொதச் சுத்து போயிட்டு வருவோம், பொறவு பெயின்ட் அடிக்கலாம்" என்றார். அவருக்குப் பார்வை மங்கிவிட்டதால், உரிமம் உள்ள நான்தான் ஓட்டுகிறேன். ஸ்டவ் புகை முன்னால் வராதபடி இருக்கைக்குப் பின்னால் தகரம் வைத்து அடைத்துவிட்டார். அதனால் முன்னாலிருந்து பின்பக்கத்தைப் பார்க்க முடியாது. இந்தப் பக்கத்து வேன்களில் செய்வது போலவே, உள்ளிருந்து தகரத்தில் ஒரு தரம் தட்டினால் நிறுத்துவது, இரண்டு தரம் தட்டினால் கிளம்புவது என்று வைத்துக்கொண்டோம்.

இன்று காலை புறப்பட்டுத் தேவதானம் போய், அங்கிருந்து திரும்பி ராஜபாளையம் வழியாக மதியம் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தோம். இரவு வத்திராயிருப்பில் தெரிந்தவர் மாந்தோப்பில் தங்குவதாக ஏற்பாடு. வெயில் தாங்காமல் நான் வீட்டுக்குத் திரும்பலாம் என்றேன். "நீ வேணா பஸ் ஏறிப் போ. நான் வண்டியிலேயே கெடக்கேன்" என்றார். அதன் பின்னர் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேருந்து நிலையம் அருகே ஒரு மரநிழலில் வேனை நிறுத்தினேன். அது வத்திராயிருப்பு வேன்கள் நிற்கும் இடம் என்று எனக்குத் தெரியாது. பின்னால் இருந்த அவர் சாப்பிடட்டும் என்று, நான் இருக்கையிலேயே கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் தகரத்தில் இரண்டு தட்டு கேட்டது. வண்டியை எடுத்தேன்.

கிருஷ்ணன்கோவிலைத் தாண்டும்போது பின்னால் பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. அவர் விழித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பின்னர் வத்திராயிருப்பு கடைத்தெருவில் ஒரு தட்டு கேட்டு நிறுத்தி, இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். மூட்டையுடன் ஒரு பெண் இறங்கினார். கான்சாபுரம் சுடலையம்மாள் என்று பின்னர் தெரிந்துகொண்டேன்.

"எக்கா, டிக்கெட்டு எம்புட்டு? மெத்தை போட்ட வண்டின்னு கூடக் கேட்டுராதீக" என்றார்.

உள்ளே இருந்தவர் எங்கே என்று கேட்டேன்.

"ஆரும் இல்லியேக்கா. ஏறி உக்காந்து ரெண்டு தட்டு தட்டுனேன், நீங்க எடுத்துட்டீக. ஒத்த ஆளுக்கு வண்டி எடுக்காகளேன்னு எனக்கே அதிசயந்தான். சோறு போட்டது போட்டபடி இருந்துச்சு. ஈ மொய்க்குதேன்னு நாந்தான் மூடி வச்சேன்."

மூடியைத் திறந்து பார்த்தேன். சோற்றில் கை படவில்லை. பக்கத்துக் கிண்ணத்தில் ஊசி ஈரமாக இருந்தது. சட்டை ஆணியில் தொங்கியது, சர்க்கரை வியாதி என்று எழுதி அவர் வைத்திருக்கும் முகவரிச் சீட்டு அதன் பையிலேயே இருந்தது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் நினைவு தப்பும், உயிருக்கும் ஆபத்து என்பதை நான் அறிவேன். வண்டியைத் திருப்பும்போது இருமுறை என்ஜின் நின்றுபோனது. "ஒத்தையில போவாதீக, நானும் வாரேன்" என்று சுடலையம்மாள் முன்னால் ஏறிக்கொண்டார். வழியில், "எக்கா, லாரி வருது, ரோட்டப் பாருங்க. அண்ணாச்சியத் தேடிப் போய் நாம ரெண்டு பேரும் போய்ச் சேந்துரப்படாது" என்றார். அவர் சொன்ன பிறகுதான் எதிரே வந்த லாரியைப் பார்த்தேன்.

மரத்தடியில் என் கணவர் இல்லை. பனியன் போட்ட ஒரு ஆளை ஆட்டோ இடித்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள். அதன் பின்னர் இங்கு வந்தேன். அவர் நினைவில்லாமல் கிடந்தார். முழங்கை சிராய்த்திருந்தது. இன்சுலின் போட்டதையும் சாப்பிடாததையும் டாக்டரிடம் சொன்னேன், உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். இடித்ததாகச் சொல்லி ஆட்டோவைப் பிடித்து வைத்திருந்ததால், அதன் ஓட்டுநர் பீர் மைதீன் காவலருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். "எம்மா, சத்தியமா நான் இடிக்கல. ரோட்டோரம் கெடந்தாரு. குடிகாரன்னு அம்புட்டுப் பேரும் ஒதுங்கிப் போனாக. தூக்கிட்டு வந்தது தப்பாம்மா?" என்றார். அப்போது என் பார்வை கட்டிலில் இருந்தது.

நெடுநேரத்துக்குப் பின் என் கணவர் கண் திறந்தார். இடித்தது யார் என்று தலைமைக் காவலர் கேட்டார். "ஆரும் இடிக்கலய்யா. ஊசியப் போட்டுட்டு ஒதுங்கப் போனேன். வண்டி போறதப் பாத்து பின்னால ஓடுனேன், கண்ண இருட்டிட்டு வந்துச்சு" என்றார். வண்டியை ஓட்டியது யார் என்று கேட்டதற்கு, என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஆரும் ஓட்டலய்யா. பிரேக்கு சரியில்ல, தானா உருண்டிருக்கும்" என்றார்.

அவர் சொன்னது சரியல்ல. அந்த இடம் சமதளம். பிரேக்கை அவரே கழற்றி மாட்டினார், அதில் எந்தக் குறையும் இல்லை. அதைப் பற்றிக் குறை சொல்ல இதுவரை அவர் யாரையும் விட்டதில்லை. வண்டியை ஓட்டியது நான். பின்கதவைத் திறந்து பார்க்காமல் ஓட்டினேன். பீர் மைதீன் என் கணவரைத் தூக்கி வந்தவர், அவருடைய ஆட்டோவை விட்டுவிட வேண்டும்.

எழுதப்பட்டதை நானே படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) த. ஞானபாக்கியம்