வாசல் எந்தப் பக்கம்

— மொதல்ல தண்ணியக் குடி, வேல்விழி. செருப்ப எங்கன விட்ட?

— உள்ள எங்கிட்டாவது கெடக்கும். செருப்பு கெடக்கட்டும். ரோஜா எங்க? செழியன் எங்கங்க?

— ரெண்டு பேரும் ஒன் தம்பி தங்கப்பாண்டி கூட ஐஸ் கடையில நிக்காங்க. அந்தா, கண்ணாடிக்கு அங்கிட்டு செவப்புச் சட்டை தெரியுதுல்ல? நம்ம பயதான். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. வெடிச்சது பலூனு புள்ள. யாரு வீட்டுப் பிள்ளைக்கோ பிறந்தநாளாம்.

— தெரியும்.

— தெரியுமா? தெரிஞ்சா ஏன் ரோடு வரைக்கும் ஓடியாந்த? நான் பொம்மை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துட்டுத் திரும்புறேன், ஒன்னையக் காணோம். வாசல்ல நின்ன செக்யூரிட்டி சொல்றாரு, பச்சைச் சேலைக்கார அம்மா பறந்து போச்சு சார்னு.

— ரோட்டுக்கு வந்து திரும்பிப் பாத்தேன். பொகையக் காணோம். அப்பத்தான் பலூன்னு வெளங்குச்சு.

— வெளங்குச்சுல்ல? சிரிச்சுக்கிட்டே உள்ள வர வேண்டியதான. இவ்வளவு பெரிய மாலு, இம்புட்டு ஜனம், ஒன்னைய யாரு பாக்கப் போறா?

— எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர? ரோஜா என் கையப் பிடிச்சிருந்தா. அவ தம்பி கையப் பிடிச்சிருந்தா. சத்தம் கேட்டுச்சு, ஒதறிட்டேன். பெத்த பிள்ளை கைய ஒதறிட்டு ஓடிட்டேன்.

— அட, இதுக்கா? காலையில என்ன பண்ணுன நீ? பைய சோதிக்கிற எடத்துல செல்லை எடுத்துக் குடுத்துட்டு டோக்கன் கேட்டு நின்ன. அந்த ஆளு முழிச்சான். இது என்ன ஒங்க பட்டாசுக் கம்பெனி வாசலா, செல்லை வாங்கி வச்சுக்கிட? பளக்க தோசம் புள்ள. அதே கதைதான் இதுவும்.

— செல்லைக் குடுத்ததுக்குச் சிரிங்க. நானும் சிரிச்சேன். இதுக்குச் சிரிக்காதீக.

— சிரிக்கலைப்பா. சிரிக்கலை. சொல்லு.

— நீங்க லேபிள் அடிக்கிற பிரஸ்ல நிக்கிறவுக. ஒங்களுக்கு மிசின் சத்தம் காதுல ஏறாது. எனக்கு அப்படி இல்ல. வேலைக்குச் சேந்த மொத நாளே ஆண்டிச்சாமி போர்மேன் என்ன சொன்னாரு தெரியுமா? சத்தம் கேட்டா கையில இருக்கிறதப் போட்டுரு. வாசலப் பாத்து ஓடு. பக்கத்துல யாரு இருக்கான்னு பாக்காத. பதினோரு வருசம். தெனமும் ரூமுக்குள்ள ஒக்காரும்போதே வாசல் எந்தப் பக்கம்னு பாத்துக்கிட்டுத்தான் ஒக்காருவேன்.

— தெரியுமே. நேத்து வண்டலூர்ல புள்ளைக வெள்ளைப் புலியப் பாக்குதுக, நீ வெளிய போற வழியப் பாத்துக்கிட்டு நிக்க. மெட்ரோ ரயில்லயும் கதவுகிட்டதான் நின்ன. சீட்டு காலியாக் கெடக்கு, ஒக்காரு ஒக்காருன்னு ஒரு அம்மா கூப்பிட்டுப் பாத்துச்சு.

— கையில இருக்கிறதப் போட்டுருன்னா, அவரு சொன்னது வெடிமருந்துக் கிண்ணத்தங்க. பிள்ளையவா?

— இந்தா, அளுகாத. எல்லாரும் பாக்காங்க.

— பாக்கட்டும். பாலம்மா அக்காவ நெனைப்பு இருக்கா ஒங்களுக்கு?

— அதை எதுக்கு இப்ப எடுக்க?

— ரெண்டு வருசம் முந்தி எங்க ரூம் வெடிச்சப்ப அவுகளும் வெளிய வந்துட்டாக. எனக்கு அடுத்தாப்ல வந்தவுகதான். தங்கச்சி உள்ள இருக்கான்னு திரும்பிப் போனாக. ரெண்டு பேரும் வரலை. நான் வேப்பமரத்தடி வரைக்கும் நிக்காம ஓடுனேன். அன்னைக்கு ராத்திரி எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அளுகை வரலைங்க. நல்லவேளை நான் திரும்பலைன்னு தோணுச்சு. ஒங்ககிட்டக் கூட நான் சொன்னதில்ல.

— நீ திரும்பியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன், ரெண்டு புள்ளைகள வச்சுக்கிட்டு? ஓடுனதுனாலதான இங்கன ஒக்காந்திருக்க. நான் அதுக்குச் சாமிக்குத் தேங்கா ஒடச்சவன்.

— அதான் சொல்றேன். ஓடுனது சரின்னு நானும் நெனச்சுக்கிட்டே இருந்தேன். இன்னைக்குத்தான் தெரியுது, அன்னைக்கு உள்ள ரோஜா இருந்திருந்தாலும் ஓடியிருப்பேன்.

— அப்படிப் பேசாத.

— கை எம்புட்டு லேசா விட்டுச்சு தெரியுமா? இழுத்துப் பிரிச்ச மாதிரியே இல்ல. பஞ்சு மாதிரி வந்துருச்சு. அது இன்னும் இந்த உள்ளங்கையில இருக்கு.

— விடு புள்ள. தீவாளி சீசன் முடிஞ்சு கம்பெனி லீவு விட்டதுல இருந்து மெட்ராஸ், மெட்ராஸ்னு அந்தப் பிள்ளை எம்புட்டு ஆசையா இருந்துச்சு. நீயும் ஆசப்பட்டுத்தான இந்தச் சேலையக் கட்டுன? கம்பெனிக்குப் பருத்திதான் கட்டணும், இந்த மினுமினுப்பு உரசுனா பொறி தட்டும், ஆகாதுன்னு பொட்டியிலயே வச்சிருந்தத எடுத்துக் கட்டிட்டு, இப்ப மூக்கச் சிந்திட்டு ஒக்காந்திருக்க.

— அவ அளுதாளா?

— யாரு, ரோஜாவா? இல்லையே. நான் பாக்கும்போது அந்தப் பக்கத்து வாசல்ல நின்னுட்டு இருந்தா. ஒன்னையத் தேடி வந்திருப்பா போல. பய என்னடான்னா பலூன்காரரு இடுப்புல ஏறி ஒக்காந்துக்கிட்டு, இன்னொண்ணு வெடிங்க, இன்னொண்ணு வெடிங்கன்னு கையத் தட்டுறான். அவனுக்கு எங்க பயம்?

— அவ ஏதாச்சும் கேட்டாளா? அம்மா எங்கன்னு?

— ஒண்ணும் கேக்கலை. பெறகு ஓடியாந்து தம்பி கையப் பிடிச்சவ பிடிச்சவதான், இப்ப வரைக்கும் விடலை. ஐஸ வாங்குறதுக்குக்கூட விட மாட்டேன்னுட்டா. அவன் கை வலிக்குது, கை வலிக்குதுன்னு கத்துறான்.

— பாத்தீகளா? பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரியுது. அம்மா விட்டுட்டா, நாம விடக் கூடாதுன்னு தெரியுது. இனிமே அவ என் கையப் பிடிப்பாளா? ரோடு தாண்டும்போதுகூட ஒங்க கையத்தான் பிடிப்பா. பாத்துக்கிட்டே இருங்க.

— நீயா ஒண்ணக் கட்டி விடாத. போயி ரெண்டு வார்த்தை பேசு.

— என்ன பேச?

— நடந்ததச் சொல்லு. பயந்துட்டேன் தாயின்னு சொல்லு. புரியாதா அவளுக்கு? நம்ம தெருவுல வளந்த பிள்ளைதான. இந்தா, அவளே வாரா பாரு.

— அப்பா, மாமா ஒங்களக் கூப்பிடுறாரு. தம்பி ஐஸைச் சட்டையெல்லாம் கொட்டிட்டான்.

— ஏத்தா ரோஜா, அம்மாகிட்ட ஒக்காரு. அப்பா போயி அவனையும் பாத்துட்டு, அப்படியே அம்மா செருப்பையும் தேடிட்டு வாரேன்.

— தம்பி கைய மாமா பிடிச்சிருக்காரு. நீங்க போய் வாங்கிக்கோங்க. விட்டுராதீங்கப்பா.

— விட மாட்டேன்த்தா.

— இங்கன வா. என் பக்கத்துல ஒக்காரு. என் மூஞ்சியப் பாரேன்.

— நான் நிக்கிறேன்மா.

— சரி, நில்லு. நின்னுக்கிட்டே கேளு. அம்மா ஒன் கைய விட்டுட்டு ஓடிட்டேன். வேணும்னு விடலை சாமி. காதுல சத்தம் விழுந்ததும் காலு தானா ஓடிருச்சு. அதுக்கப்புறந்தான் நெனப்பே வந்துச்சு. இது சாக்கு இல்ல. அம்மா செஞ்சது தப்புதான்.

— அம்மா…

— இரு, முடிச்சுருதேன். என் முதுகப் பாத்துக்கிட்டு நீ அங்கன தனியா நின்னிருப்பேல்ல? தம்பிய வேற கையில பிடிச்சுக்கிட்டு. அதை நெனச்சாத்தான் தாங்க முடியலை. கோவமா இருந்தா திட்டிரு. நாலு அடி அடிச்சாலும் வாங்கிக்கிறேன். பேசாம மட்டும் இருக்காத.

— கோவமெல்லாம் இல்லம்மா.

— பெறகு ஏன் அம்மா மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிற?

— நீ ஓடுனத நான் பாக்கவே இல்ல.

— பாக்கலையா? பக்கத்துலதான நின்ன?

— அந்தப் பக்கமும் ஒரு வாசல் இருந்துச்சு. தம்பி கைய விட்டுட்டு, நான் ஒனக்கு முன்னாடியே ஓடிட்டேன்மா.