சாமி அலுமாரிக்குள் வைத்த உப்புத்தண்ணீர் வாளி

ரொறன்ரோ, 19.02.1994, சனிக்கிழமை, முற்பகல் 9.40. மொழிபெயர்ப்பாளர் திருமதி அன்ரனெற் முன்னிலையில் பதியப்பட்டது.

என் பெயர் கந்தப்பு நவரட்ணம். வயது 43. சென் ஜேம்ஸ் ரவுணில், பதினான்காம் மாடியில், மனைவி பாலேஸ்வரியுடன் வசிக்கிறேன். ஸ்காபரோவில் ஓர் இரும்புப் பட்டறையில் மெசின் ஓட்டுகிறேன். மனைவி இரண்டு கண்ணும் கட்டப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவளுக்கு இங்கிலிஷ் தெரியாது. அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இதை முதலில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

புதன்கிழமை, பிளாஸ்ரிக் மூடி வார்க்கும் உருக்கு அச்சு ஒன்றில் புரி வெட்டும்போது, ராப் என்கிற புரி வெட்டும் ஆணி முறிந்து துளைக்குள் இறுகிவிட்டது. "இன்னொன்று முறித்தால் வீட்டோடு நில்" என்று முதலாளி முன்னரே சொல்லியிருந்தார். அதனால் பாண் அளவான அந்த அச்சை ஒருவருக்கும் சொல்லாமல் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திங்கள் காலை திருப்பி வைப்பதுதான் எண்ணம். களவு என்றால் களவுதான்.

முறிந்த ராப்பை, அச்சோடு ஒரு வாளி உப்புத்தண்ணீருக்குள் வைத்துக் கரண்ட் கொடுத்துக் கரைக்கலாம். கார் பற்றறி சார்ஜரின் நேர் வயரை இரும்பிலும் மறை வயரைச் செப்பு மின்வாயிலும் கொடுத்தேன். முதல் மின்வாய் வெறும் கம்பி. பழைய இரும்புத் துண்டில் பரீட்சித்தபோது, கம்பியின் பக்கங்களும் வேலை செய்து துளை புனல் மாதிரி அகன்றுவிட்டது. அதன் பின்னர் மெல்லிய செப்புக்குழாய் எடுத்து, வெளிப்புறம் மனைவியின் நகப்பூச்சை மூன்று தரம் பூசி, நுனியை மட்டும் வெறுமையாக விட்டு, மீன்தொட்டிப் பம்பினால் குழாய்க்குள்ளால் தண்ணீர் ஓடவிட்டேன். இந்த விபரம் அவசியமில்லை என்று விசாரிக்கும் பொலிஸ் அதிகாரி சொல்கிறார். அவசியம், ஐயா. குண்டு செய்கிறவன் நகப்பூச்சுப் பூசிக்கொண்டு இருப்பானா?

வெள்ளிக்கிழமை கட்டடப் பராமரிப்பாளர் குழாய் பார்க்க வருவதாக இருந்தது. அவர் எதையும் திறந்து பார்க்கிறவர், சாமிப்படம் உள்ள அலுமாரியை மட்டும் தொடமாட்டார். எனவே வாளியை அதன் கீழ்த்தட்டில் வைத்தேன். தண்ணீர் படங்களில் தெறித்தது. சாமிக்கு அழுக்குப் படக்கூடாது என்று வாளியை மூடிபோட்டு இறுக்கினேன். அதுதான் நான் விட்ட பிழை. மின்வாயிலிருந்து ஐதரசன் வாயு வரும் என்று தெரியுமா என்று அதிகாரி கேட்கிறார். தெரியும். பள்ளிக்கூடத்தில் எரியும் குச்சியைக் காட்ட 'பொப்' என்று சத்தம் வந்தபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

வெள்ளிக்கிழமைகளில் மனைவி வேலையால் எட்டு மணிக்கு வந்துதான் விளக்கு வைப்பாள். அதற்குள் வாளியை எடுத்துவிடலாம் என்றிருந்தேன். நேற்றுப் பனி கொட்டியதால் அவளுடைய பக்ரறியை வேளைக்கு மூடிவிட்டார்கள். ஆறு மணிக்கு வந்து, முகம் கழுவி, அலுமாரியைத் திறந்தாள். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன்.

"உதென்னப்பா, சாமிக்குக் கீழை வாளி?" என்று கேட்டாள்.

"உப்புத்தண்ணிதான், தொடாதையும்" என்றேன். நெருப்புக்குச்சி தட்டாதையும் என்று சொல்லவில்லை. ஐயோ, நாலு எட்டு வைத்துப் போயிருக்கலாம்.

விளக்கு வைக்கக் குச்சியைத் தட்டினாள். வெடித்தது. மூடி கிளம்பி அவளுடைய முகத்தில் அடித்தது. ஓடிப்போய் முகத்தைக் கழுவிவிட்டேன். அதன் பின்னர் 911க்கு அடித்தேன். அவள் நிலத்தில் இருந்தபடி, "லைற்றைப் போடுங்கோவன்" என்றாள். வீட்டில் மூன்று லைற்றும் எரிந்துகொண்டிருந்தன.

"கரண்ட் போயிட்டுது. கொஞ்சம் பொறும்" என்றேன்.

"இஞ்சையுமோ?" என்றாள், ஊரில் வருசக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்தவள். அதன் பின்னர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்புலன்சில் என்னை ஏறவிடவில்லை.

இது முடிந்ததும் திருமதி அன்ரனெற்றை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டேன். திங்கட்கிழமைதான் என்கிறார்கள்.

மேலே உள்ளதைத் தமிழில் வாசிக்கக் கேட்டேன். பொலிசாருக்குச் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மனைவிக்குச் சொன்னதுதான் பொய். கரண்ட் இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு கிடப்பாள்.

(ஒப்பம்) க. நவரட்ணம்